பூனையிலிருந்து ஆரம்பிக்கலாம்

ஓபரா பார்க்கப் பழகணும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று செங்கல்பட்டு நண்பர் ஒருவர் கேட்டார். இப்படி யாராவது கேட்டுவிட்டால் போதும், நம் இலக்கியக் கூட்டத்துக்கு உற்சாகம் தாங்காது. ஜாஸா? மைல்ஸ் டேவிஸ், 1959, ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. பழைய சினிமாவா? ‘சிட்டிசன் கேன்’. ஓபராவா? எடுத்தவுடனே வாக்னரின் ‘ரிங்’ பக்கம் போயிடாதீங்க, நாலு நாடகம், பதினைந்து மணி நேரம். முதலில் சின்னதாகத் தொட்டுப் பாருங்க. நானும் இந்த வைத்தியத்தைப் பல பேருக்குச் செய்தவன்தான்.

அன்றைக்கு மட்டும் திருப்பிக் கேட்டேன்: “கூத்து பார்த்திருக்கீங்களா?”

“ஒரு விழாவுல பார்த்தேன் சார். முக்கால் மணி நேரம். ஒரே சத்தமா இருந்துச்சு.”

என் சண்டை அவரோடு இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தோடுதான். புதுசா வர்றவங்களுக்குச் சுருக்கிக் கொடுக்கணும் என்பது இன்று வேதவாக்கு. கூத்தைச் சுருக்கும்போது எது போகிறது? திரைக்குப் பின்னால் நின்றபடி முகவீணையோடு பாட ஆரம்பித்து, முகம் காட்டாமலே நம்மைக் காக்க வைத்து, கட்டியங்காரன் கேட்கும் குறும்புக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு மெல்ல வெளியே வரும் துரியோதனன் போகிறான். உள்ளூர் பஞ்சாயத்தையும் குருக்ஷேத்திரத்தையும் ஒரே மூச்சில் பேசும் கட்டியங்காரன் போகிறான். மிஞ்சுவது கிரீடமும் கிறுகிறுவென்று சுற்றும் சுற்றும்தான். அது சத்தமாகத்தானே இருக்கும்? பாயசத்தை வடிகட்டி முந்திரியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, பாயசம் பிடிச்சதா என்று கேட்கிறோம்.

இன்னொன்றும் போகிறது. முக்கால் மணி நேரத்துக்கு ஜமாவில் பாதிப் பேர் போதும். மீதிப் பேரும், அவர்கள் நெஞ்சில் இருக்கும் பாட்டுகளும்?

‘விடிய விடிய உட்கார யாருக்கு சார் நேரம்?’ நியாயமான கேள்விதான். ஆனால் கூத்துக்குப் போன எந்தக் கிராமத்தான் விடிய விடியக் கண் கொட்டாமல் பார்த்தான்? பாய் விரித்துப் படுப்பான். டீ குடிக்க எழுந்து போவான். துகில் உரியப் போகிறார்கள் என்றதும் பக்கத்து ஆள் உலுக்கி எழுப்புவார். கதை எல்லோருக்கும் தெரியும் என்ற தைரியத்தில் கட்டிய கலை அது. நடுவில் தூங்குகிறவனுக்கும் அதில் இடம் இருக்கிறது. முன்பயிற்சி வேண்டும் என்ற பயத்தை உண்டாக்கியது பட்டியல் போடும் நாம்தான்.

இதே மாவட்டத்துக் கடற்கரையில் மாமல்லபுரம் பாறைச் சிற்பத்தைப் பாருங்கள். அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்று அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. வழிகாட்டி ஐந்து நிமிடத்தில் கதை சொல்லி முடிக்கிறார், நாமும் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்கிறோம். குழந்தைகள் மட்டும் பெரிய யானையின் காலடியைக் காட்டிச் சிரிக்கும். அங்கே ஒரு பூனை, மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தபசியைப் போலவே கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது; சுற்றிலும் எலிகள். கட்டம் போடாத காமிக்ஸ். எனக்கு அந்தப் பூனை கல்லில் செதுக்கிய கட்டியங்காரனாகத்தான் தெரிகிறது. தவத்தைக் காட்டும் இடத்திலேயே தவத்தைக் கிண்டல் செய்ய ஆள் வைத்திருக்கிறான் அந்தச் சிற்பி. புதிதாக வருகிறவன் நுழையும் வாசல் அதுதான். முன்னுரை எதுவும் படிக்க வேண்டாம்.

கூத்தில் ‘அர்ச்சுனன் தபசு’ பார்த்தால் இந்தப் பாறை வேறு மாதிரி தெரியும். நட்டு வைத்த உயரமான தபசு மரத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாக அர்ச்சுனன் ஏறுவான். உச்சியிலிருந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே காத்திருப்பார்கள். இதை எந்த முக்கால் மணி நேரத்தில் அடைப்பது?

ந. முத்துசாமி சிறுகதையில் பெயர் வாங்கிய பிறகுதான் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்துக்கு வந்து சேர்ந்தார். 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. அவருக்கு யாரும் ‘முதலில் பார்க்கவேண்டிய பத்து’ எழுதிக் கொடுக்கவில்லை.

நண்பருக்கு ஓபரா பட்டியல் தரவில்லை. கோபம்தான். பங்குனி பிறந்ததும் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறும். எந்த ஊரில் என்றைக்குப் படுகளம் என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பாய் கொண்டு வரணுமா என்று கேட்டார்.