சொனாட்டின்: விளையாட்டு வினையாகும்

முன்கூட்டியே சொல்லிடறேன், முடிவு உட்பட முழுக்கதையும் கீழே இருக்கு. பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, பதிவு எங்கேயும் ஓடிடாது :)

டகேஷி கிட்டானோவோட 'சொனாட்டின்' (1993) பத்திப் பேச்செடுத்தாலே, "நடுவுல கடற்கரையில சும்மா விளையாடிட்டே இருக்காங்கப்பா"ன்னு ஒரு புகார் வரும். என்னைக் கேட்டா, அந்தக் கடற்கரைதான் படமே.

முரகாவா (கிட்டானோவேதான்) டோக்கியோ யாகுசா. ரெண்டு கோஷ்டிக்கு நடுவுல சமாதானம் பண்ணச் சொல்லி ஒக்கினாவாவுக்கு அனுப்பறாங்க. போன இடத்துல ஆளுங்க வரிசையா சாகறாங்க. மிச்சம் இருக்கறவங்க கடலோரமா ஒரு வீட்டுல பதுங்கறாங்க. வெட்டிப்பொழுது. பேப்பர் பொம்மைகளைத் தட்டித் தட்டி சுமோ சண்டை விடறாங்க. அப்புறம் அதே பொம்மை மாதிரி வெடுக் வெடுக்குனு அவங்களே மணல்ல ஆடறாங்க. குழி தோண்டி மூடிவச்சு ஆளை விழ வைக்கறாங்க. சிரிச்சு மாளாது. கிட்டானோ 'பீட் டகேஷி'ங்கற பேர்ல காமெடி பண்ணி வளர்ந்தவர், சும்மாவா?

ஆனா கொஞ்சம் உத்துப் பாருங்க. ராத்திரி வாணவேடிக்கைச் சண்டையில முரகாவா மட்டும் நிஜத் துப்பாக்கியால சுடறான். கூட்டாளிங்களோட ஆடற ரஷ்யன் ரூலட்டுல சிரிச்சுக்கிட்டே தன் நெத்திப்பொட்டுல வச்சு அழுத்தறான். குண்டே போடலைன்னு அப்புறம்தான் தெரியுது. அன்னிக்கு ராத்திரி கனவுல அதே துப்பாக்கி வெடிக்குது.

அப்புறம் ஒரு பகல்ல, ஃபிரிஸ்பீ விளையாடிட்டு இருக்கறப்போ, மீனவன் மாதிரி ஒருத்தன் நிதானமா நடந்து வந்து கென்னைச் சுட்டுட்டுப் போறான். பில்டப் கிடையாது, பதற வைக்கற இசை கிடையாது. அதுவரைக்கும் சிரிச்சிட்டிருந்த நமக்கு வாய் மூடவே நேரமாகும்.

இந்தப் படம் 'ஜாலியா போயி இருட்டாயிடுச்சு'ன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்த ஜாலி முழுக்க முரகாவாவோட ஒத்திகை. சாவுக்கு ரொம்பப் பயந்தா சாகணும்னே தோணிடும்னு மியூக்கிகிட்ட அவனே சொல்றான். கடைசியில பழிவாங்கி முடிச்சாச்சு, அவ வழியில காத்துட்டு இருக்கா. இவன் காரை நிறுத்திட்டு மறுபடி துப்பாக்கியை நெத்திப்பொட்டுல வைக்கறான். இந்தத் தடவை குண்டு இருக்கு.

கடற்கரையை வெட்டிட்டா அது வெறும் தற்கொலை. அது இருக்கறதாலதான், தான் இழக்கறது என்னன்னு தெரிஞ்சே அவன் செத்தான்னு நமக்கு உறைக்குது.

இப்ப சொல்லுங்க, அது இழுவையா?