இருபது பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதத்திலேயே ஒரு கோரிக்கை எழுந்துவிடுகிறது. "இதுல கேம் சரியா ஓட மாட்டேங்குது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும்." விண்வெளிக் கப்பல்கள் கூட்டங்கூட்டமாக மோதும் கேம் என்றால் கேட்கவே வேண்டாம். பெற்றோர் பலர் இது குறித்து என்னிடம் கேட்கிறார்கள். கார்டு வாங்குவதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் இன்னொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். உங்கள் பையனோ பெண்ணோ யாருடன் விளையாடப் போகிறார்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்கப்பல் போரை இருபது பேர் சேர்ந்து ஆட இருபது கம்ப்யூட்டர் தேவையில்லை. விலை கூடிய கார்டும் தேவையில்லை. கப்பல்கள் சின்னச் சின்ன பொம்மைகளாக மேஜை மேல் இருக்கட்டும். கணக்கு மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். இப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சமமாக உட்கார்ந்து ஆடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

நெட்டில் நடக்கும் பெரும் போர்கள்

நெட் விளையாட்டுகளைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்கப்பல் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜனவரி 27, 28 தேதிகளில் அதில் ஒரு போர் சுமார் 21 மணி நேரம் நடந்தது. மொத்தம் 7,548 பேர் கலந்துகொண்டார்கள். அழிந்த கப்பல்களின் மதிப்பு 3 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். 2020 அக்டோபரில் நடந்த இன்னொரு போரில் 8,825 பேர் பங்கேற்று கின்னஸ் சாதனையே படைத்தார்கள்.

இவற்றிலிருந்து நாம் கற்க இரண்டு பாடங்கள் உண்டு.

முதலாவது, கூட்டம் கூடினால் எந்த சர்வரும் திணறும். ஈவ் கேமில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நெரிசல் மிகும்போது விளையாட்டின் நேரத்தையே மெதுவாக்கிவிடுவார்கள். பத்தில் ஒரு பங்கு வேகம் வரை குறையும். அதாவது விளையாட்டில் ஒரு வினாடி கடக்க நம் கடிகாரத்தில் பத்து வினாடி ஆகும். அந்தத் தாமதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி என்பதால் யாருக்கும் பாரபட்சமில்லை.

இரண்டாவது, ஆயிரக்கணக்கானோர் ஆடும்போது ஆளாளுக்கு முடிவெடுப்பதில்லை. அணித்தலைவர் கட்டளையிடுகிறார், உளவு பார்க்க ஆள், பழுது பார்க்க ஆள் என்று வேலை பிரித்திருக்கிறார்கள். 2014 போர் எப்படித் தொடங்கியது தெரியுமா? ஒரு விண்மண்டலத்தைத் தன் வசம் வைத்திருக்க அந்த அணி கட்ட வேண்டிய தொகை உரிய நேரத்தில் கட்டப்படவில்லை. உரிமை போனது, எதிரிகள் நுழைந்தார்கள். கணக்குப்பிள்ளை வேலை பிசகினால் படையே போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஆரம்பமே ஒரே அறையில்தான்

கம்ப்யூட்டர் விளையாட்டின் வரலாற்றைப் பார்த்தால், 1962-ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் உருவாக்கிய 'ஸ்பேஸ்வார்' விண்கப்பல் சண்டைதான். இரண்டு பேர் ஒரே திரைக்கு முன் தோளோடு தோள் உரசி நின்று ஆடியது. 1972 அக்டோபர் 19 அன்று ஸ்டான்ஃபோர்டில் இதற்குப் போட்டியே நடந்தது. பரிசு, ஒரு பத்திரிகைக்கு ஓராண்டுச் சந்தா!

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பொம்மைக் கப்பல் போர்கள் இருந்தன. 1898-ல் ஃப்ரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட போர்க்கப்பல் கையேடு இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. அது அவர் உருவாக்கிய கடற்போர் விளையாட்டோடு பிறந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளெட்சர் பிராட் 1940-ல் தன் கடற்போர் விளையாட்டு விதிகளைப் புத்தகமாக்கினார். பெரிய கூடத்தின் தரையில் கப்பல்களைப் பரப்பி, எதிரி எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்று கண்ணாலேயே மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பார்கள். பிறகுதான் அளந்து பார்ப்பார்கள்.

இதே வழியில் வந்ததுதான் இங்கிலாந்தின் ஜான் டஃப்லி 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'ஃபுல் த்ரஸ்ட்' என்ற விண்கப்பல் விளையாட்டு. இதன் விதிப்புத்தகத்தை வெளியீட்டாளரே இலவசமாக டவுண்லோடு செய்யக் கொடுத்திருக்கிறார். புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

காத்திருப்புதான் எதிரி

பெரிய ஆட்டங்களைக் கெடுப்பது காத்திருப்புதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர். பக்கத்துக்கு ஒருவர் தளபதி. மற்ற ஒன்பது பேரும் மூன்று மூன்று பேராக மூன்று பிரிவு. தளபதிகளைத் தவிர 18 பேருக்கும் ஆளுக்கு மூன்று கப்பல் என்றால் மேஜையில் 54 கப்பல். தாயம் ஆடுவது போல ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு மூன்று நிமிடம் எடுத்து நகர்த்தினால் ஒரு சுற்றுக்கு 54 நிமிடம். அதில் ஒவ்வொருவரும் 51 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். எந்தப் பிள்ளை உட்காரும்?

ஃபுல் த்ரஸ்ட் விதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ரகசியமாக உத்தரவை எழுதுகிறார்கள். உதாரணமாக, கப்பலின் வேகம் 8, அதன் உந்துசக்தி எண் 4 என்று வைத்துக்கொள்வோம். "வேகம் 2 கூட்டு, இடப்பக்கம் 1 திரும்பு" என்று எழுதலாம். திசைகள் கடிகார முகம் போல பன்னிரண்டு. எழுதி முடித்ததும் எல்லாக் கப்பலும் ஒருசேர நகரும். பத்துப் பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் எழுதும் நேரம் மூன்று நிமிடம்தான். நேரத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும் வழி இது.

இன்னொரு யோசனை. விதியில் உள்ள தூர அளவை இஞ்சாக வைத்துக்கொள்ளாமல் சென்டிமீட்டராக வைத்துக்கொண்டால் அதே போர் இரண்டரை மடங்கு குறுகிய மேஜையில் அடங்கிவிடும். தையல் டேப் ஒன்று போதும்.

கப்பலுக்குக் கோவையில் பஞ்சமா?

வெளிநாட்டுப் பொம்மைக் கப்பல்கள் அழகானவை, விலையும் அப்படியே. ஆனால் பம்ப் செட்டும் கிரைண்டரும் செய்யும் ஊரில் இருந்துகொண்டு அவற்றுக்கு ஆர்டர் கொடுப்பானேன்? கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். போல்ட், நட், வாஷர், கழித்துப்போட்ட பேரிங் ஆகியவற்றை ஒட்டினால் அருமையான விண்கப்பல் தயார். ஓரத்தில் பிசிறு இருந்தால் அரம் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் கையைக் கிழித்துவிடும். விண்வெளிக்குத் திருப்பூர் கட்பீஸ் கறுப்புத் துணி. விண்கற்களுக்குச் சட்டைப் பொத்தான். கப்பலின் அடியில் எண் எழுதிய ஸ்டிக்கர் மட்டும் கட்டாயம் வேண்டும். அந்த எண்தான் மேஜைக்கும் கம்ப்யூட்டருக்கும் பாலம்.

கம்ப்யூட்டர் எங்கே உட்கார வேண்டும்?

இங்கேதான் பலர் என்னோடு மாறுபடுகிறார்கள். "கம்ப்யூட்டர் இருக்கும்போது பகடை எதற்கு? எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிடலாமே" என்பார்கள். வேண்டாம் என்பேன். காரணம் எளிது. கீபோர்டு ஒன்று; ஆட்கள் இருபது. ஒவ்வொரு சுடுதலும் கீபோர்டு வழியாகப் போனால் மறுபடியும் வரிசையும் காத்திருப்பும்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எக்ஸெல்லிலும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கிலும் 'ரேண்ட்பிட்வீன்' என்ற ஃபங்ஷன் உண்டு. 1, 6 என்று கொடுத்தால் பகடை போல ஓர் எண் வரும். ஆனால் ஷீட்டில் வேறு எங்காவது எதையாவது டைப் செய்து என்டர் தட்டினால் அந்த எண்ணும் மாறிவிடும். இப்போதுதான் 6 விழுந்தது என்று ஒருவன் சத்தியம் செய்வான். திரையில் 2 இருக்கும். சண்டை விண்வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்துவிடும். பகடை கையிலேயே உருளட்டும். விதியும் எளிது: 1, 2, 3 விழுந்தால் தப்பியது, 4, 5 என்றால் ஒரு அடி, 6 என்றால் இரண்டு அடி. கேடயம் உள்ள கப்பல்களுக்கு மட்டும் இதில் சிறு மாற்றம் உண்டு.

அப்படியானால் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை? மூன்று வேலை.

போருக்கு முன்: கப்பல்களின் பட்டியலை ஷீட்டில் ஏற்றி, இரு பக்கப் படையின் மொத்தப் புள்ளியும் சமமா என்று 'சம்' ஃபங்ஷனில் பாருங்கள். அதே பட்டியலை மெயில் மெர்ஜ் மூலம் கப்பலுக்கு ஒரு சீட்டாக பிரிண்ட் எடுங்கள். 54 சீட்டைக் கையால் எழுதுவதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். அடி விழ விழ சீட்டில் உள்ள கட்டங்களைப் பென்சிலால் அடித்துக்கொள்ளலாம்.

போரின்போது: சுற்று முடிந்ததும் ஆறு பிரிவுத் தலைவர்களும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். எந்தக் கப்பலுக்கு எத்தனை கட்டம் போனது என்பது மட்டும் அதில் இருக்கும். அதை ஒருவர் ஷீட்டில் ஏற்ற வேண்டும். மீதி எவ்வளவு, எந்தக் கப்பல் அழிந்தது என்பதை 'இஃப்' ஃபங்ஷன் சொல்லிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். கரண்ட் போனாலும் போர் நிற்காது. மேஜையில் எல்லாம் அப்படியே இருக்கும்.

போருக்குப் பின்: யார் எத்தனை கப்பலை வீழ்த்தினார்கள் என்று 'சார்ட்' செய்து பட்டியலிடலாம். அடுத்த மாதப் போட்டிக்கு அதுவே அடிப்படை.

2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட்டும் இப்படித்தான். காய்களைக் கையால்தான் நகர்த்தினார்கள். அடுத்த சுற்றில் எந்த அணி எந்த அணியுடன் மோதும் என்பதை சுவிஸ் முறையில் கணக்கிடும் வேலை கம்ப்யூட்டருக்கு. உலகத் தரமான போட்டிக்கே பொருந்தும் வேலைப் பிரிவினை நம் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்தும்.

எங்கள் பகுதியில் பிள்ளைகளை வைத்து இதை நடத்தும்போது நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். கணக்கு ஏற்றும் நாற்காலிக்குத்தான் போட்டி அதிகம். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத ஒரு பையன் இரண்டு சுற்று பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இந்தக் கட்டத்துல கழிச்சா அந்தக் கட்டம் தானா மாறுதே, அதெப்படிங்க?" என்றான். ஃபார்முலா என்றால் என்ன என்று விளக்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வகுப்பில் சம்பளப் பட்டியலை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், தன் கப்பல் பிழைத்ததா என்று அறிய ஃபார்முலாவைத் தேடிப் படிக்கிறார்கள்.

மறுப்புகளுக்குப் பதில்

"நெட்டில் ஆடினால் உலகம் முழுக்க நண்பர்கள் கிடைப்பார்களே" என்பது நியாயமான வாதம். பக்கத்தில் ஒத்த வயதுத் துணையே இல்லாத பிள்ளைக்கு நெட் விளையாட்டு பெரிய ஆறுதல். வெளியூரில் இருக்கும் சித்தப்பா மகனோடு ஆட அதுதான் வழி. அதைத் தடுக்கச் சொல்லவில்லை. பெற்றோர் கவனிக்க வேண்டியது விளையாட்டுக்குள் நடக்கும் காசு வியாபாரத்தை. மேஜையில் உடைவது போல்ட்டும் நட்டும்தான், ஒட்டிக்கொள்ளலாம்.

மேஜை ஆட்டத்திலும் கஷ்டங்கள் உண்டு. இடம் வேண்டும். மூன்று மணி நேரம் வேண்டும். வாக்குவாதம் வந்தால் தீர்த்து வைக்கப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். முடிந்ததும் பேரிங் குண்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஆனாலும் தோற்றவன் முகத்தை ஜெயித்தவன் பார்க்கிறான். இருவரும் ஒரே தட்டில் முறுக்கு எடுக்கிறார்கள். எந்த கிராஃபிக்ஸ் கார்டிலும் இந்த வசதி கிடையாது.

இருபது பேரோடு தொடங்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர், ஆளுக்கு இரண்டு கப்பல். ஷீட்டில் பன்னிரண்டு வரி. உத்தரவு எழுத மூன்று நிமிடம் என்று செல்போனில் அலாரம் வையுங்கள். ஒரு தடவை நன்றாக நடந்துவிட்டால் அடுத்த தடவை ஆட்களைப் பிள்ளைகளே கூட்டி வருவார்கள். கிராஃபிக்ஸ் கார்டு பற்றி அதற்கு அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம்.