"பாவம்" என்று சொல்லாதீர்கள்

பக்கவாதத்தால் கைகால் விழுந்தவரையோ, எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருப்பவரையோ பார்க்கப் போகும்போது நாம் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிச் செல்கிறோம். கட்டிலருகே நின்று, "பாவம், எப்படி ஓடியாடித் திரிந்தவர்! இனி என்ன செய்வார்?" என்று அவர் காதுபடவே பேசிவிட்டும் வருகிறோம். பழத்தை அவர் உண்கிறாரோ இல்லையோ, அந்தச் சொல் அவருக்குள் போய்விடுகிறது. இது பெருங்கேடு என்பதே நமது கருத்து.

2002-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், பக்கவாதம் வந்தவர்களை அலமாரித் தட்டிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கூடையில் போடச் சொன்னார்கள். ஒரு முறை தம் கையின் அசைவைக் கவனிக்கும்படியும், மறுமுறை ஆப்பிளைக் கவனிக்கும்படியும் கூறினார்கள். அதே மனிதர், அதே கை, அதே ஆப்பிள். ஆயினும் ஆப்பிளைக் கவனித்தபோதுதான் கை விரைந்து சென்றது! உடலுக்குப் பழகிய வேலையை அதன் போக்கில் விடவேண்டும் போலும். படியிறங்கும்போது ஒவ்வோர் அடியையும் உற்றுப் பார்த்து வைத்தால் நமக்கே கால் தடுமாறுகிறதல்லவா? (ஆண்டு விழாவில் நடனமாடிய நம் தோழியருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.)

கட்டளையைவிட வலியது எதிர்பார்ப்பு. "எழுந்திருக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள்" என்று வருவோர் போவோரெல்லாம் சொன்னால், டாக்டரே நடக்கச் சொன்னாலும் நோயாளி அஞ்சுவார். அசையாத கால் இளைக்கும். இளைத்த கால் உண்மையிலேயே தடுமாறும். உடனே, "பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே" என்பார்கள் உறவினர்!

இன்சொல்லால் எல்லாம் குணமாகிவிடும் என்று நாம் கூறவில்லை. 1954-இல் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். யாருடைய ஆறுதலும் அவரது முதுகுத்தண்டைச் சரிசெய்யவில்லை. ஆனால் டாக்டர் பால் பிராண்ட் அவரிடம் இரக்கம் காட்டுவதோடு நிற்கவில்லை. அவரிடமிருந்து வேலையை எதிர்பார்த்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகவும் அவரே காரணமானார். இல்லாத நம்பிக்கையை ஊட்டுவது வேறு. இயன்றதை எதிர்பார்ப்பது வேறு.

ஆகவே, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, "முட்டியை மடக்குங்கள், காலைத் தூக்குங்கள்" என்று பாட்டியை அதட்ட வேண்டாம். "வாசல் மல்லிகை பூத்திருக்கிறதா, பார்த்துவிட்டு வரலாம் வாருங்கள் பாட்டி" என்று அழைப்போம். கைத்தாங்கலுக்கு நாமும் கூடவே போகலாம்.