முப்பது உயிரும் முன்னூறு ரூபா ரீலோடும்



பெருநாள் லீவில் பழைய கூட்டாளிமார் நாலு பேர் ஒன்று சேர்ந்தோம். ஒருவருடைய மகன் லெப்டொப்பை டீவியில் மாட்டி 'கொன்ட்ரா' போட்டுத் தந்தான். இருபத்தைந்து வருசத்துக்குப் பிறகு கையில் எடுக்கிறோம். முதல் காட்டைத் தாண்ட முன்னமே மூன்று உயிரும் போய்விட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் டீவி கேம் ஒரே ஒரு வீட்டில்தான். நின்டென்டோ 1983இல் ஜப்பானில் விட்ட பெட்டியின் நகல் அது என்று அப்போது யாருக்குத் தெரியும்? கெசட்டில் 9999 கேம் என்று போட்டிருக்கும்; உள்ளே பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். லயத்துப் பிள்ளை, கடைவீதிப் பிள்ளை, சிங்களப் பிள்ளை எல்லாரும் ஒரே பாயில். ஒருவன் செத்தால் அடுத்தவன் கைக்கு. மாரியோவில் 32 கட்டம், சேவ் பண்ண வழியில்லை. வட்டவளைப் பக்கம் மழை இறங்கி கரண்ட் போனால் எட்டாவது உலகத்தில் நின்றவனும் மறுபடி முதலிலிருந்துதான்.

கொன்ட்ராவில் இருவர் சேர்ந்து ஆடலாம். நீர்வீழ்ச்சிக் கட்டத்தில் ஒருவன் அவசரப்பட்டு ஏறினால் திரையும் அவனோடு மேலே போகும். பிந்தி நிற்பவன் செத்துப்போவான். "இருடா, நானும் வாறன்" என்று கத்திக் கத்தித்தான் ஏறுவோம்.

பிறகு அந்த முப்பது உயிர்! மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கொனாமியில் வேலை செய்த கஸுஹிசா ஹஷிமோட்டோ, 1986இல் வந்த 'கிரேடியஸ்' கேமைச் சோதிக்கும்போது, தன்னாலேயே ஆட முடியவில்லை என்று தனக்காக வைத்த குறுக்குவழி அது. எடுக்க மறந்துவிட்டார். அதுவே கொன்ட்ராவுக்கும் வந்தது. வாய்க்கு வாய் பரவியது, ஒரு சதம் செலவில்லாமல்.

இப்போது உயிருக்கு விலை இருக்கிறது. 2012இல் வந்த 'கெண்டி க்ரஷ்'இல் ஐந்து உயிர் முடிந்தால் ஒன்று திரும்பி வர அரை மணி நேரம். பொறுக்க முடியாதவரிடம் காசு கேட்கும். அன்று தோற்றால் பழகினோம். இன்று தோற்றால் வாங்கச் சொல்கிறார்கள்.

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று போன மாதம் அழுதுகொண்டே சொன்னது: அம்மா கொழுந்து பறித்த காசில் போட்ட முன்னூறு ரூபா ரீலோடை கேமுக்குள் ஏதோ வாங்கி முடித்துவிட்டதாம். வெளியூரில் இருக்கும் அப்பாவோடு பேசப் போட்ட ரீலோட் அது.

இதைக் கேட்டதும் போனைப் பறித்து உடைக்கத்தான் தோன்றும். எங்களுக்கும்தான் அன்று அடி விழுந்தது, நாங்கள் விட்டோமா? கேம் கெட்டது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. போர்வைக்குள் தனியாக ஆடுவதும், கேமில் காசு கட்டுவதும்தான் எங்களுக்குப் பயம்.

ஆகவே பெற்றோரிடம் கேட்பது இவ்வளவுதான். கேமுக்குள் ஒரு சதமும் கட்டக் கூடாது என்று இன்றே கண்டிப்பாகச் சொல்லுங்கள். விளையாட்டு நடுவீட்டில் நடக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். கிழமைக்கு ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லித் தா" என்று கேளுங்கள். தோற்றுப் போவீர்கள். பரவாயில்லை, பிள்ளை சிரிக்கும்.

நாம் மட்டும் அவசரமாக மேலே ஏறிவிட்டால், கீழே நிற்பது நம் பிள்ளைதான்.

உங்கள் வீட்டில் எப்படி? சொல்லுங்கள்.