நட்சத்திரம் தெரியாதவங்களுக்கும் அர்ச்சனை உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ஸ்ரீ கெம்பாங்கானில் நம்ம கோயில் அர்ச்சனை டிக்கெட் கவுண்டரில் நான் உட்காருவது பலருக்குத் தெரியும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். முகம் நம்ம முகம், தமிழ் ஒரு வார்த்தை வரல. வழக்கம்போல பேர், ராசி, நட்சத்திரம் கேட்டேன். தெரியாதுன்னாங்க. "அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்களேன்" என்று சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன். அவங்க முகம் வாடிப் போச்சு.

இலங்கையில் பிறந்து, கைக்குழந்தையாக ஹாலந்துக்குத் தத்துப் போனவங்களாம். பெற்ற தாயைப் பல வருஷமா தேடுறாங்க. பத்திரத்தில் உள்ள பிறந்த தேதியே உண்மைதானான்னு தெரியாதாம்.

வரிசையில் நின்ற ஒருத்தர் மெதுவாச் சொன்னார்: "நல்லாத்தானே வளர்த்திருக்காங்க, இனிமே எதுக்குத் தேடணும்?" இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

1980-களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். அதில் பணத்துக்காகக் குழந்தைகளை விற்ற கும்பல்களும் இருந்தன. பொய்ப் பத்திரங்கள் தயாரித்தார்கள். வேறு பெண்களைத் தாயாக நடிக்க வைத்தார்கள். குழந்தை இறந்துவிட்டதாகத் தங்களிடம் சொல்லப்பட்டது என்று சில தாய்மார்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 2017-இல் ஹாலந்துத் தொலைக்காட்சி இதை வெளியே கொண்டுவந்தபோது, இலங்கையின் சுகாதார அமைச்சரே நடந்ததை ஒப்புக்கொண்டார். 2021-இல் ஹாலந்து அரசு மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது. சென்னையிலும் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட பிள்ளைகள் வெளிநாட்டுக்குத் தத்துப் போனது 2005-இல் அம்பலமானது.

ஆக, தேடி வருகிற எல்லாரும் "வேண்டாம்னு விட்ட பிள்ளை" இல்லை. எங்கோ ஒரு தாயும் தேடிக்கொண்டிருக்கலாம்.

தேடுவது வளர்த்தவங்களுக்குச் செய்யும் துரோகமா? நம்ம முருகனையே பாருங்க. சரவணப் பொய்கையில் அவனைப் பாலூட்டி வளர்த்தது கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். பார்வதி வந்து வாரி அணைத்த பிறகும் அவன் கார்த்திகேயன்தான். வளர்த்தவங்க பேரில் இன்றைக்கும் நாம் கிருத்திகை விரதம் இருக்கிறோம். ஒரு தாயைக் கண்டதால் இன்னொரு தாய் குறைந்து போகவில்லை.

நம்ம நாட்டிலும் இது புதுசு இல்லை. அந்தக் காலத்தில் கஷ்டப்பட்ட சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். புடவை கட்டி, பொட்டு வைத்து, நம்மைவிட நல்ல தமிழ் பேசி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும் சீன முகப் பாட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீங்க. அவங்க பெற்றோர் யார், எந்தக் கம்பம் என்ற விவரம் பெரும்பாலும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. வயசானவங்க ஞாபகத்தில்தான் இருக்கு. அந்த ஞாபகமும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கு.

அதனால் மூணு வேண்டுகோள்.

உங்க குடும்பத்தில் தத்துப் பிள்ளை இருந்தால், தெரிந்ததை எழுதி வையுங்க. எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் கொண்டுவந்து கொடுத்தது. முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்க, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இல்லை.

தேடி வருகிறவங்க படத்தையும் விவரத்தையும் அவங்க சம்மதம் இல்லாமல் பகிராதீங்க. பெற்ற தாய் இன்னொரு குடும்பத்தில் இந்த ரகசியத்தோடு வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவங்க மானமும் முக்கியம்.

"எல்லாம் கர்மா" என்று சொல்லி அனுப்பாதீங்க. மற்றவங்க செய்த குற்றத்துக்குக் குழந்தையின் கர்மா என்ன செய்யும்?

அன்றைக்கு நம்ம குருக்கள் ஒன்றுமே கேட்கவில்லை. சிவ கோத்திரம் என்று சொல்லி, அவங்க பேருக்கு அர்ச்சனை செய்து விபூதி கொடுத்தார். அவங்க ரொம்ப நேரம் சன்னதியிலேயே நின்னாங்க.

நான் இப்போதெல்லாம் கவுண்டரில் அம்மாவைக் கேளுங்கன்னு சொல்றதில்லை. தெரியாதுன்னா, "பரவாயில்லைங்க, சாமிக்குத் தெரியும்" என்று சொல்லி டிக்கெட்டை எழுதிக் கொடுக்கிறேன்.

முருகா சரணம்.