ஏற்காட்டுப் பயணத்தில் இன்னும் ஒரு நாள்

விடுமுறையில் ஏற்காடு செல்லும் நம் குடும்பங்கள் ஏரியில் படகேறி, லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. அதில் குறையொன்றுமில்லை. ஆயினும் சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரில், 2001இல் தொடங்கப்பட்ட எச்ஏஎல் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்பேன்.

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் இறகுகளைப் பொருத்திப் பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் பெயர் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. முதலில் பறந்தவர் ஒரு முஸ்லிம் என்ற பெருமையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இறங்கும்போது அவர் அடிபட்டார். பறவைக்கு இறங்க வால் துணையாவதை அறியாமல், தமக்கு வால் அமைக்காது விட்டார் என்று வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது அந்த வாலைப் பற்றித்தான்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத் போர்விமானத்தின் கதையும் அத்தகையதே. ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரிலேயே வடிவமைக்கப்பட்டு 1961இல் பறந்தது. தகுந்த ஆற்றலுள்ள எஞ்சின் கிடைக்காததால் எண்ணிய வேகத்தை எட்டவில்லை.

சூரா முல்க்கை மனனம் செய்த சிறுமி, அதில் பறவைகள் சிறகை விரிப்பதையும் மடக்குவதையும் ஓதியிருப்பாள். அவளை அந்த விமானத்தின் இறக்கையருகே நிறுத்துங்கள். மகனை மட்டும் உள்ளே அழைத்துச் சென்று, கைக்குழந்தையோடு அவளை வெளியே அமர்த்திவிடாதீர்கள். நேரம் போதாது என்பீர்களாயின், பயணிக்குக் கஸ்ருத் தொழுகையின் சலுகை இருக்கவே இருக்கிறது.