நிறம் எழுத்தா, குலமா?

சென்ற மாதம் புனேயில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில், புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர்களுக்கென நடந்த பயிலரங்கு ஒன்றில் உதவியாளனாக இருந்தேன். முதல் நாள் முற்பகலில் ஆங்கில வினாத்தாள் ஒன்று வழங்கப்பட்டது. முடிவெடுக்கும்போது எதை நம்புவீர்கள், விதி தவறெனத் தோன்றினால் என்ன செய்வீர்கள் என்பன போன்ற வினாக்கள். பிற்பகலில் ஒவ்வொருவர் சட்டையிலும் இருநிற வில்லை ஒன்று குத்தப்பட்டது. மேஜிக்: த கேதரிங் என்னும் சீட்டாட்டத்தின் ஐந்து நிறங்களிலிருந்து இரண்டிரண்டாக எடுத்து, இதுவே உங்கள் இயல்பு என்றனர். வெள்ளை–நீலம் பெற்றவர்கள் தரவுப் பகுப்பாய்வுக்கும் கட்டுரை எழுதுவதற்கும் அனுப்பப்பட்டனர். சிவப்பு–பச்சை பெற்றவர்களுக்குக் களத்துக்குச் சென்று படிவம் நிரப்பி வரும் வேலை.

மராத்வாடாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியை எட்டிய மாணவி ஒருவர் சிவப்பு–பச்சை பெற்றார். பகுப்பாய்வுக் குழுவில் சேரவே அவர் வந்திருந்தார். வினாத்தாளை நான்தான் திரட்டினேன். பிறர் நான்கு வரி எழுதிய இடங்களில் அவர் நான்கு சொற்கள் எழுதியிருந்தார். ஆங்கிலம் அவருக்கு மூன்றாம் மொழி. அந்தச் சுருக்கத்தை ‘உந்துதலுக்கு ஆட்படும் மனம்’ என்று மதிப்பிட்டிருந்தனர். மாலையில் என்னிடம் வந்து, “தாதா, இந்த நிறத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா?” என்று கேட்டார். மராத்தியில் அண்ணனை அழைக்கும் சொல் அது. அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சீட்டாட்டம் கல்விக்கூடத்துக்குள் வரக் கூடாது என்பது என் வாதம் அன்று. மூன்று ஆண்டுகளாக விடுதிப் பொதுவறையில் சனிக்கிழமை மாலைகளை இவ்வாட்டத்துக்கே கொடுத்து வருபவன் நான். ஆட்டத்தைப் படிக்காமலேயே அதன் பெயரால் மனிதரைப் பிரித்தார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

1993இல் வெளிவந்த இவ்வாட்டத்தை உருவாக்கியவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு. சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்னும் ஐந்து நிறங்கள் ஒரு வட்டத்தில் நிற்கின்றன. அடுத்தடுத்து நிற்பவை நட்பு நிறங்கள். எதிரெதிரே நிற்பவை பகை நிறங்கள். ஐந்து நட்பிணை, ஐந்து பகையிணை, ஆகப் பத்து இணைகள். முதல் தொகுப்பிலேயே ஐந்து சீட்டுகள் இந்த அமைப்பைச் சுருக்கமாகக் காட்டின. ஒவ்வொன்றின் விலையும் ஒரே ஒரு மனா. ஒவ்வொன்றும் தருவது ஏதேனும் ‘மூன்று’. நீலம் மூன்று சீட்டுகளைக் கையில் சேர்த்தது. கறுப்பு மூன்று மனா தந்தது. சிவப்பு எதிரிக்கு மூன்று சேதம் விளைவித்தது. பச்சை ஓர் உயிரிக்கு மூன்று வலிமை கூட்டியது. வெள்ளை மூன்று உயிர்ப்புள்ளிகளை மீட்டது. விலை ஒன்று, அளவு ஒன்று, செயல் மட்டும் வேறு. எந்த நிறத்தாலும் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பதே இவ்வாட்டத்தின் அடித்தளம்.

இரண்டு நிறங்கள் இணையும் தேவை இந்தக் குறையிலிருந்தே பிறக்கிறது. பச்சையிடம் பேருருவ உயிரிகள் உண்டு. எதிரியின் உயிரியைத் தொலைவிலிருந்து நேரே வீழ்த்தும் வழி அரிது. கறுப்பிடம் அவ்வழி மிகுதி. நீலம் எதிரியின் சீட்டைப் பயனற்றதாக்கித் தடுக்கும். ஆயினும் ஒருமுறை களத்தில் இறங்கிவிட்ட உயிரிகளை அழிக்க அதற்குத் துணை வேண்டும். களம் முழுவதையும் துடைக்கும் வெள்ளை அங்கே துணையாகிறது. வெள்ளை–நீலக் கட்டு மெதுவாக, காத்திருந்து ஆடப்படுவதன் காரணம் இதுதான். தடுப்புச் சீட்டுக்கு மனாவை எப்போதும் மீதம் வைத்திருக்க வேண்டும். துடைப்புச் சீட்டின் பயனைப் பெற எதிரி நிறைய உயிரிகளை இறக்கும்வரை பொறுக்க வேண்டும். ஆடுபவர் பொறுமைசாலியாக இருப்பதால் கட்டு மெதுவாவதில்லை. கட்டு, எவரையும் பொறுக்க வைக்கிறது.

மொழியியல் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ‘பம்பரம்’ என்னும் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். பகரம் இருமுறை வருகிறது. சொல்முதலில் அது ஒலிப்பிலா ஒலி. மகரத்தை அடுத்து வருகையில் ஒலிப்புடை ஒலி. எழுத்து மாறவில்லை, அண்டை மாறியது. சிவப்பின் புகழ்பெற்ற மின்னல் சீட்டான லைட்னிங் போல்ட்டும் இப்படியே. வெள்ளையின் சிறு படையோடு இருக்கும்போது அது பெரும்பாலும் வழிமறிக்கும் உயிரியை நீக்கவோ, எதிரியின் கடைசி மூன்று புள்ளிகளைப் பறிக்கவோ பாய்கிறது. நீலத்தின் பக்கத்தில் இருக்கும்போது காலம் வாங்கித் தரும் கருவியாகிறது. ‘சிவப்பு அவசரக்காரரின் நிறம்’ என்பவர், பகரத்துக்கு ஒரே ஒலிதான் என்று சாதிப்பவரை ஒத்தவர்.

அப்படியானால் இணைக்காவது நிலைத்த குணம் உண்டா? அதையும் ஆட்டமே மறுக்கிறது. 2005இல் வந்த ரவ்னிகா தொகுப்பு வரிசை பத்து இணைகளுக்கும் பத்துக் கழகங்களின் பெயர்களைச் சூட்டியது. சிவப்பு–வெள்ளை இணைக்குப் போரோஸ் என்று பெயர். அது ஒரு படையணி. 2013இல் அதற்கு அளிக்கப்பட்ட விதி, ஓர் உயிரி வேறு இரண்டு உயிரிகளோடேனும் சேர்ந்து தாக்கினால் கூடுதல் பயன் என்பது. திரண்டு தாக்கு, விரைந்து முடி என்பதே அதன் ஆட்டமுறை. 2021இல் ஸ்ட்ரிக்ஸ்ஹேவன் தொகுப்பு வந்தது. அதன் கதைக்களம் ஒரு பல்கலைக்கழகம். ஐந்து பகையிணைகளுக்கு ஐந்து கல்லூரிகள். அங்கே அதே சிவப்பு–வெள்ளை, லோர்ஹோல்டு என்னும் வரலாற்றுக் கல்லூரி. அதன் மாணவரான குவின்டோரியஸ் என்னும் களவரலாற்றாய்வாளருக்கு, ஆடிக் கழிந்த சீட்டுகளின் அடுக்கிலிருந்து ஏதேனும் வெளியேறும்போது ஓர் ஆவி துணைக்கு வருகிறது. இறந்த காலத்தைத் தோண்டியெடுத்து ஆடுவது அதன் முறை. அதே இரு நிறங்கள்தாம். ஒரு நிறுவனத்தில் படைவீரர், இன்னொன்றில் வரலாற்றாசிரியர். நீலம்–சிவப்பும் அவ்வாறே: ரவ்னிகாவில் சோதனை வெறி கொண்ட அறிவியலாளர், ஸ்ட்ரிக்ஸ்ஹேவனில் கலைஞர். நிறங்கள் எல்லையை மட்டும் வரைந்தன. அந்த எல்லைக்குள் என்ன ஆவது என்பதை அவை நுழைந்த நிறுவனமும் அங்கே அவற்றுக்குக் கிடைத்த சீட்டுகளும் தீர்மானித்தன.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதற்குச் சான்று தேட வெளியே செல்ல வேண்டா. 1949இல் தோன்றிய கட்சியின் கொடியும் கறுப்பு–சிவப்பு. அதிலிருந்து பிரிந்து 1972இல் தோன்றிய கட்சியின் கொடியும் கறுப்பு–சிவப்பு, நடுவே அண்ணாவின் உருவம். ஒரே நிறவிணையின் கீழ் அரை நூற்றாண்டாக எதிரெதிரே நிற்கும் இரண்டு அரசியல்களைப் பார்த்து வளர்ந்த நாமா, ஒரு வில்லையைப் பார்த்து ஒருவரது இயல்பைச் சொல்வது?

எதிர்த்தரப்பு ஒரு நியாயமான வாதத்தை முன்வைக்கலாம். ஆட்டத்தை உருவாக்குவோரே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தத்துவம் வகுத்திருக்கிறார்களே என்பர். உண்மைதான். வெள்ளைக்கு ஒழுங்கு, நீலத்துக்கு அறிவு, கறுப்புக்கு ஆற்றல், சிவப்புக்கு விடுதலை, பச்சைக்கு வளர்ச்சி என்று மார்க் ரோஸ்வாட்டர் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். ஆனால் அந்தத் தத்துவம் எந்தச் சீட்டு எந்த நிறத்தில் வரலாம் என்று முடிவு செய்யும் கைவினைஞரின் அளவுகோல். மனிதரை அளக்க அதை எடுத்தவுடன் அது முறிகிறது. முதல் தொகுப்பின் வெள்ளைச் சீட்டு ஒன்று நான்கு மனாவுக்குக் களத்தின் எல்லா உயிரிகளையும் அழிக்கும். பெயர் ராத் ஆஃப் காட். 2007இல் நிறங்களின் வேலைகளை வேண்டுமென்றே இடம் மாற்றிப் பார்த்த பிளேனர் கேயாஸ் தொகுப்பில் டாம்னேஷன் வந்தது. அதே நான்கு மனா, அதே அழிவு, நிறம் மட்டும் கறுப்பு. வெள்ளையில் இருந்தபோது அதை யாவர்க்கும் பொதுவான நீதி என்றோம். கறுப்புக்கு வந்ததும் ஈவிரக்கமின்மை என்றோம். செயல் மாறாதபோது விளக்கம் மட்டும் நிறத்தைப் பின்தொடர்ந்து ஓடுகிறது. இதே ஓட்டத்தைத்தான் அந்தப் பயிலரங்கிலும் கண்டேன். வெள்ளை–நீல மாணவர் சுருக்கமாக எழுதியிருந்தால் அது ‘செறிவு’ ஆகியிருக்கும்.

இஃது ஏதோ அயல்நாட்டு ஆட்டத்தின் விந்தை என்றும் எண்ண வேண்டா. இதே மாநிலத்தின் கொங்கண் பகுதியில் உள்ள சாவந்த்வாடியில் கஞ்சீஃபா என்னும் வட்டச் சீட்டுகளை இன்றும் கையால் தீட்டுகிறார்கள். அங்குள்ள அரச குடும்பம் ஆதரித்து மீட்டெடுத்த கலை அது. தசாவதார வகையில் பத்துப் பிரிவுகள், பிரிவுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 120 சீட்டுகள். பிரிவுகளைப் பின்புல நிறத்தால் வேறுபடுத்துவர். பாதிப் பிரிவுகளில் பத்து பெரிது, ஒன்று சிறிது. மறுபாதியில் ஒன்று பெரிது, பத்து சிறிது. பகலில் ஆடினால் இராமனின் பிரிவுக்கு முதலிடம். இரவில் ஆடினால் கிருஷ்ணனுக்கு. பொழுது சாய்ந்தால் தலைமை மாறுகிறது. கையிலுள்ள ‘பத்து’ உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை அந்தச் சீட்டை மட்டும் உற்று நோக்கி எவராலும் சொல்ல முடியாது. அமைப்பை அறிந்தவரே சொல்ல முடியும். உறுப்பின் மதிப்பு அதற்குள் இல்லை, பிற உறுப்புகளோடு அது கொண்ட உறவில் இருக்கிறது என்று சொசூர் மொழியைப் பற்றிச் சொன்னதையும், அதை விளக்கச் சதுரங்கத்தைத் துணைக்கு அழைத்ததையும் நம்மில் பலர் முதலாண்டிலேயே படித்தோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டோம் போலும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு முதன்மையானது இதுவே. ஆட்டத்தில் நிறவிணை என்பது விலை கொடுத்து வாங்கப்படும் ஒன்று. நாற்பது சீட்டுக் கட்டில் வழக்கமாகப் பதினேழு நிலச்சீட்டுகள் வைப்போம். ஒரே நிறம் ஆடினால், தொடக்கத்தில் எடுக்கும் ஏழு சீட்டுகளில் நமக்கு வேண்டிய நிலம் ஒன்றுகூட வராதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.3 விழுக்காடு. ஒன்பதும் எட்டுமாக இரு நிறங்களுக்குப் பிரித்தால், எட்டு நிலங்கள் உள்ள நிறத்தில் ஒன்றுகூடக் கிட்டாத வாய்ப்பு 18 விழுக்காடு. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்த இடரை அறிந்து, ஏற்று, நமக்கு இல்லாத ஆற்றலைப் பெறவே இரண்டாம் நிறத்தைச் சேர்க்கிறோம். சரிப்படவில்லையெனில் அடுத்த ஆட்டத்துக்குமுன் கட்டை மாற்றிக்கொள்கிறோம். அந்த மாணவிக்கு நிறம் ஒட்டப்பட்டது. அவர் தேர்ந்தெடுக்கவில்லை, மாற்றவும் முடியவில்லை. ஆனால் அதன் விலையை மட்டும் ஓராண்டு முழுவதும் அவரே செலுத்தப்போகிறார்.

‘வர்ணம்’ என்னும் சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. நிறம் ஒன்று. வடமொழி இலக்கணத்தில் எழுத்தொலி மற்றொன்று. மராத்திக் குழந்தைகள் இன்றும் எழுத்து வரிசையை வர்ணமாலா என்றே கற்கிறார்கள். மூன்றாம் பொருளை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் பொருளில் வர்ணம் பிறவற்றோடு சேர்ந்து சொல்லாகிறது, இடத்துக்கேற்ப மாறுகிறது, எந்த எழுத்தும் பிறப்பால் மேலோ கீழோ இல்லை. மூன்றாம் பொருளில் ஒருவர் எந்த வேலைக்குரியவர் என்பது அவர் வாய் திறக்கும்முன் முடிவாகிவிடுகிறது. நல்ல ஆட்டம் ஒன்று நிறத்தை எழுத்தைப் போலப் பயன்படுத்திக் காட்டியது. பயிலரங்கு அதை மீண்டும் மூன்றாம் பொருளுக்கு இழுத்துச் சென்றது. அமைத்தவர்களின் உள்நோக்கத்தை நான் ஐயுறவில்லை. விளையாட்டாகச் செய்தோம் என்றார்கள், நம்புகிறேன். ஆனால் எழுதுவோர் ஒரு பக்கம், படிவம் சுமப்போர் மறுபக்கம் என்று அறை பிரிந்து நின்றபோது, ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அங்கிருந்த அனைவரும் கண்டோம். 1848இல் ஜோதிராவும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்த ஊர் இது. இங்கே, அறிவுப்பணி இன்னாருக்கு, கால்நடைப்பணி இன்னாருக்கு என்று இயல்பின் பெயரால் பிரிப்பதை விளையாட்டு என்று கடந்துவிட எனக்கு மனமில்லை.

கோரிக்கை எளியது. வில்லைகளைக் கழற்றுங்கள். பகுப்பாய்வும் எழுத்தும் களப்பணியும் பருவந்தோறும் சுழற்சியில் எல்லோருக்கும் வரட்டும். மாணவரை அறிய வினாத்தாள் இன்றியமையாதது என்றால், அதை அவர் சிந்திக்கும் மொழியில் கொடுங்கள். நிறங்களைக் கற்பிக்க விரும்பினால் சீட்டுகளையே கையில் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். ஒரே மாணவர் ஒரு மாலையில் மூன்று கட்டுகளை மூன்று விதமாக ஆடுவதைக் கண்ணால் காண்பீர்கள்.

அந்த மாணவிக்கு: மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பொதுவறைக்கு வாருங்கள்; என்னிடம் பத்து இணைகளிலும் கட்டுகள் உள்ளன, விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். பகுப்பாய்வுக் குழுவுக்கு மாற்றக் கோரும் விண்ணப்பத்தை நாம் சேர்ந்து எழுதுவோம், மராத்தியிலேயே.

மறுப்பு உடையோர் கீழே எழுதுக. சான்றோடு வருவதற்கு மறுமொழி தருவேன்.